முழங்கால் வலிக்குச் சின்சேயிடம் போனேன்

எனக்கு வயது 66. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். பாலிகிளினிக்கில் எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், அறுவை சிகிச்சைக்கு இன்னும் காலம் இருக்கிறது, எடையைக் குறைத்து உடற்பயிற்சி செய்யுங்கள் என்றார். இதயத் துடிப்பு சீராக இல்லாததால் ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறேன். வலி மாத்திரைகளில் பலவும் எனக்கு ஆகாது. பாரசிட்டமாலை வைத்தே ஓட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டிதான் "சின்சேயிடம் காட்டு, காட்டு" என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். சின்சே என்றால் சீன வைத்தியர்.

சிங்கப்பூரில் இருந்துகொண்டு சீன வைத்தியம் பக்கமே போகாமல் இருப்பது கஷ்டம். சிராங்கூன் சாலையில் பெருமாள் கோயிலைத் தாண்டி நடந்தால் 1910இல் தொடங்கிய குவாங் வாய் ஷியூ மருத்துவமனை. 1867இல் ஆரம்பித்த தோங் சாய் மருத்துவ நிலையம் எந்த இனத்தவர் போனாலும் இலவசமாகப் பார்க்கிறது. நான் போனது வீட்டுக்குக் கீழே இரண்டு புளோக் தள்ளி இருக்கும் சின்ன கிளினிக்குக்கு. போவதற்கு முன் பதிவேட்டில் அங்கிருக்கும் சின்சேயின் பெயரைத் தேடிப் பார்த்தேன். இங்கே 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி சின்சேக்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும், இணையத்திலேயே சரிபார்க்கலாம்.

முதல் நாள் முழங்காலைப் பற்றிப் பேச்சே வரவில்லை. ராத்திரி எத்தனை தடவை சிறுநீருக்கு எழுந்திருப்பீர்கள், பாதம் சில்லிடுமா, மழை நாளில் வலி கூடுமா, தூக்கம் எப்படி என்று கேட்டுக்கொண்டே போனார். நாக்கை நீட்டச் சொல்லி, வெளுத்திருக்கிறது, ஓரத்தில் பல் தடம் தெரிகிறது என்று எழுதிக்கொண்டார். அப்புறம் நாடி. நம் சித்த வைத்தியர்களும் மூன்று விரல் வைத்துத்தான் பார்ப்பார்கள், ஆனால் அது வாதம், பித்தம், கபம். இவர் இடது மணிக்கட்டில் இதயம், கல்லீரல், சிறுநீரகம் என்றும் வலது மணிக்கட்டில் நுரையீரல், மண்ணீரல், மறுபடி சிறுநீரகம் என்றும் பார்க்கிறார். முடிவில், சிறுநீரகச் சக்தி குறைந்திருக்கிறது, எலும்பு அதன் பொறுப்பு என்றார். எனக்குத் திக்கென்றது. ரத்தப் பரிசோதனையில் வரும் சிறுநீரகக் கோளாறு வேறு, இது வேறு என்று அவரே விளக்கினார். இந்தக் கணக்கை நான் இன்றைக்கும் முழுசாக நம்பவில்லை.

நம்பிக்கை வந்தது வேறு இடத்தில். வயதானவர்களின் இடுப்பு, முழங்கால் வலிக்கு அவர்கள் வழக்கமாகத் தரும் கஷாயம் டூஹுவோ ஜிஷெங் தாங். ஏழாம் நூற்றாண்டு வைத்தியர் சுன் சிமியாவ் எழுதி வைத்தது. அதில் சேரும் டூ சோங் பட்டையை மருந்து மேசையில் ஒடித்துக் காட்டினார். இரண்டு துண்டுக்கும் நடுவே வெள்ளி நிறத்தில் மெல்லிய நூல்கள் இழுபட்டு நின்றன. அழகாக இருந்தது. ஆனால் எனக்குத் தர மாட்டேன் என்றுவிட்டார். அதே கஷாயத்தில் டாங் குவாய் வேரும் இருக்கிறது. வார்ஃபரினோடு சேர்ந்தால் ரத்தக் கசிவு வரலாம். தோலில் கிண்ணம் வைத்து உறிஞ்சும் கப்பிங்கும் வேண்டாம், தோலுக்கடியில் ரத்தம் கட்டும் என்றார். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையின் கடைசி அளவைக் கேட்டுவிட்டுத்தான் அக்குபஞ்சர் ஊசியை எடுத்தார்.

ஊசி தலைமுடி மாதிரி மெலிசு, ஒரு தடவைதான் பயன்படுத்துவார்கள். பிளாஸ்டிக் குழாயைத் தோலில் வைத்து மேலே ஒரு தட்டு. முழங்கால் சில்லுக்குக் கீழே இரண்டு பக்கக் குழிகளிலும் ஒவ்வொன்று, நாலு விரல் கீழே சற்று வெளிப்பக்கமாக ஒன்று. குத்தும்போது வலி இல்லை. கொஞ்சம் திருகினதும் உள்ளே கனமாக, மரத்த மாதிரி ஒரு உளைச்சல் கீழ்க்காலுக்கு இறங்கியது. அது வந்தால்தான் சரியாம். அகச்சிவப்பு விளக்கு வெப்பத்தில் அரை மணி நேரம் படுக்கை. எடுத்த பிறகு பஞ்சை வைத்து நெடுநேரம் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

முதல் சில வாரங்கள் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. பிறகு காலையில் காலைத் தரையில் ஊன்றும்போது இருந்த விறைப்பு குறைந்தது. படி இறங்கும் வலி அப்படியே இருந்தது. ராத்திரி சிறுநீருக்கு எழுந்திருப்பதிலும் மாற்றமில்லை. அதற்காகப் பாலிகிளினிக்கில்தான் காட்டினேன். ஊசி வேலை செய்ததா, படுத்து ஓய்வெடுத்ததா என்று மகன் கேட்கிறான். கேட்க வேண்டிய கேள்விதான். 2019இல் அமெரிக்க மூட்டுவாத மருத்துவர்கள் முழங்கால் தேய்மானத்துக்கு அக்குபஞ்சரை நிபந்தனையோடு பரிந்துரைத்தார்கள். 2022இல் பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு அதைத் தர வேண்டாம் என்றது. அதே அமெரிக்கப் பட்டியலில் மெதுவாக அசைந்து செய்யும் சீன உடற்பயிற்சியான தை-ச்சி உறுதியான பரிந்துரையாக இருக்கிறது. சின்சேயும் என்னை அந்தப் பக்கம்தான் தள்ளினார். புளோக்கின் கீழ்த்தளத்தில் காலையில் பாதுவான்ஜின் என்ற சீன உடற்பயிற்சி செய்யும் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டேன். எட்டு அசைவுகள், எல்லாம் நின்றபடியே. தொடைக்குத் தெம்பு வந்தது அதனால்தான் என்பது என் எண்ணம்.

இப்போது ஊசிக்கு எப்போதாவது போகிறேன், பாதுவான்ஜினை விடுவதில்லை. நீங்கள் போவதாக இருந்தால் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலைக் கையோடு கொண்டுபோங்கள். சின்சே என்ன கொடுத்தாலும் அதன் பெயரை எழுதி வாங்கி உங்கள் டாக்டரிடமும் காட்டுங்கள். பட்டியலைப் பார்க்காமலேயே பொட்டலம் மடிக்கிறவரிடம் இருந்து எழுந்து வந்துவிடுங்கள். முழங்காலுக்கு மேல் ஏறும் தளர்வான கால்சட்டை போட்டுக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றோடு மட்டும் போகாதீர்கள், ஊசி போடும்போது தலை சுற்றும்.