நோயாளி நானா, எங்கம்மாவா?

"இப்போதைக்கு அவங்கதான்."

நான் சொன்னது இவ்வளவுதான். சொன்னது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் நியூரோ ஓபியில், அதாவது நரம்பியல் புறநோயாளிகள் பிரிவில், கேஸ் ஷீட் எழுத உட்காரும் நாட்களில் அந்தப் பதிலும் அதற்கு முன்னால் வந்த கேள்வியும் எப்படியாவது மனதில் வந்துவிடுகின்றன.

வந்தவர் மகன். முப்பதுகளில் இருப்பார். பல வருடத் தலைவலி, பை நிறைய ஸ்கேன் படங்கள், பல வாரம் காத்திருந்து கிடைத்த டோக்கன். டாக்டரிடம் அனுப்புவதற்கு முன்னால் விவரம் கேட்டு எழுதுவது என் வேலை. எப்போது ஆரம்பித்தது, எந்தப் பக்கம், எத்தனை மணி நேரம், எத்தனை மாத்திரை என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்து, மைக்ரேன் சந்தேகம் இருந்தால் எல்லோரிடமும் கேட்கும் கேள்விக்கு வந்தேன். "வலி வர்றதுக்கு முன்னால கை மரத்துப்போகுமா? பேச்சு குழறுமா?"

அவர் இல்லை என்று தலையாட்டினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய அம்மா லேசாகச் சிரித்து, "எனக்குத்தான் இன்னைக்குக் காலைல அப்படி ஆச்சு" என்றார்.

மகன் அதைக் காதில் வாங்கவே இல்லை. படங்களைத் தேதிவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார். நான்தான் திரும்பிக் கேட்டேன். தலை வாரும்போது வலது கையில் சீப்பு நிற்கவில்லையாம். மகனைக் கூப்பிடப் பார்த்தாராம், பெயர் வாயில் வரவில்லையாம். கால் மணி நேரம் இருக்கும். "அப்புறம் தானா நல்லாயிருச்சு சிஸ்டர். சொன்னா இவன் இன்னைக்கு வராம இருந்துடுவான்னுதான் சொல்லலை."

வலது கை, கூடவே பேச்சு. இரண்டும் ஒரே நேரத்தில் போய், ஒரே நேரத்தில் திரும்பி வந்திருக்கின்றன. பெரும்பாலானவர்களுக்குப் பேச்சும் வலது கையும் மூளையின் இடது பாதியிலிருந்துதான் இயங்குகின்றன. அங்கே போகும் ரத்தம் கொஞ்ச நேரம் தடைபட்டு, பிறகு வழி திறந்துகொண்டால் இப்படித்தான் ஆகும். டிஐஏ என்போம். வயது அறுபதைத் தாண்டியிருந்தது. பிபி பார்த்தேன், மேல் எண் 160க்கு மேல். சர்க்கரை குறைந்தாலும் இப்படி ஆகலாம் என்பதால் விரலில் குத்திப் பார்த்தேன். அது சரியாக இருந்தது. டியூட்டி டாக்டருக்குப் போன் செய்துவிட்டு வீல்சேர் கொண்டுவரச் சொன்னேன். "நீங்களும் கூடப் போகணும், காஷுவால்டிக்கு" என்றேன் மகனிடம். அவசர சிகிச்சைப் பிரிவைத்தான் அப்படிச் சொல்வோம்.

அப்போதுதான் கேட்டார். "இருங்க சிஸ்டர். நோயாளி நானா, எங்கம்மாவா?"

கோபம் என்றுகூடச் சொல்ல முடியாது, நிஜமான குழப்பம் அது. டோக்கனில் அவர் பெயர் இருக்கிறது, ஷீட்டில் அவர் பெயர் இருக்கிறது. வலியில் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரும் அவர்தான். அம்மாவோ தெளிவாகப் பேசுகிறார், நடக்கிறார், சிரிக்கிறார். வலிக்கிறவரை முதலில் பார்க்க வேண்டும் என்பது வரிசையில் நிற்கும் யாரும் ஒப்புக்கொள்ளும் நியாயம். நரம்பியலில் அந்த நியாயம் அடிக்கடி தலைகீழாகிவிடும். ரத்தக்குழாய் அடைத்து வரும் பக்கவாதம் பெரும்பாலும் வலிக்காது. வலிக்காததால்தான் "கொஞ்சம் படுத்துப் பார்க்கலாம்" என்று படுக்கிறார்கள். வந்து, தானாகவே போய்விட்டது என்றால் இன்னும் மோசம். போய்விட்டதே, இனி எதற்கு டாக்டர்? ஆனால் டிஐஏவுக்குப் பிறகு பெரிய பக்கவாதம் வரும் அபாயம் அதிகமாக இருப்பது முதல் இரண்டு நாட்களில்தான். அறிகுறி இல்லாத அந்த இரண்டு நாட்கள்.

இதையெல்லாம் அவரிடம் சொன்னேனா? இல்லை, "இப்போதைக்கு அவங்கதான்" என்று மட்டும் சொன்னேன். நேரமில்லை என்பது ஒரு காரணம். அந்த அம்மாவின் முன்னால் "உங்களுக்கு நாளைக்கே கை கால் விழலாம்" என்று சொல்ல மனம் வரவில்லை என்பது இன்னொன்று. ஆனால் இந்த இரண்டாவது காரணத்தை நான் பிறகு யோசித்துக் கண்டுபிடித்தேனா, அந்த நிமிடத்திலேயே மனதில் இருந்ததா என்று எனக்கே நிச்சயமில்லை.

அவர் பக்கத்திலிருந்து யோசித்துப் பார்த்திருக்கிறேன். என் ஷீட்டின்படி அவருடைய தலைவலியில் அவசரம் என்று எதுவுமில்லை. தலைவலியில் நாங்கள் பயப்படும் விஷயங்கள் வேறு. ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய் "வாழ்நாளில் இப்படி வலித்ததில்லை" என்று சொல்ல வைக்கும் வலி. அது மூளையைச் சுற்றி ரத்தம் கசிவதாக இருக்கலாம். காய்ச்சலோடும் கழுத்து விறைப்போடும் வரும் வலி. ஐம்பது வயதுக்கு மேல் முதன்முதலாக ஆரம்பிக்கும் வலி, அதிலும் மெல்லும்போது தாடை வலிக்கிறது என்றால் அன்றைக்கே பார்க்க வேண்டும், விட்டால் பார்வை போகலாம். இருமினாலோ குனிந்தாலோ கூடும் வலி, நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகும் வலி. இவருக்கு இதில் ஒன்றும் இல்லை. வருடக்கணக்காக ஒரே மாதிரி வலி, எல்லாப் படங்களும் சுத்தம். அதனால் அவரால் காத்திருக்க முடியும் என்று முடிவு செய்தேன். முடிவு சரி. ஆனால் "உங்களால் காத்திருக்க முடியும்" என்று இன்னொருவரின் வலியைப் பற்றிச் சொல்லும் அதிகாரம் என் பேனாவில் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அம்மாவுக்கு வந்தது மைக்ரேனுக்கு முன்னால் வரும் ஆராவாகவும் இருந்திருக்கலாமே என்று பிறகு ஒரு ஜூனியர் டாக்டர் என்னிடம் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். ஆரா மெதுவாகப் பரவும். விரலில் ஆரம்பித்த குறுகுறுப்பு ஐந்து நிமிடம், அதற்கு மேலும்கூட எடுத்துக்கொண்டு கையில் ஏறும், உதட்டுக்கு வரும். கண்முன் வெளிச்சக் கோடுகள் தெரியும். அதாவது, இல்லாத ஒன்று வந்து சேரும். டிஐஏவில் இருந்த ஒன்று சட்டென்று காணாமல் போகும். கையில் பலம் போகும், வார்த்தை போகும், சில சமயம் ஒரு கண்ணில் திரை இறங்கியது போலப் பார்வை போகும். வயதானவருக்கு முதல்முறையாக இப்படி நடந்தால் ஆராவாக இருக்கும் என்று ஆறுதல் சொல்லி வீட்டுக்கு அனுப்பக் கூடாது. எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் சொன்னது அதுதான், நானும் அதைத்தான் செய்தேன். பாருங்கள், நியாயம் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு நிற்கவே மாட்டேன் என்கிறது.

சில நாள் கழித்து மகன் மட்டும் வந்தார். டிஸ்சார்ஜ் சம்மரியை மேஜையில் வைத்தார். "ஸ்கேன்ல ஒண்ணுமே இல்லையாம். சும்மா பயமுறுத்திட்டீங்க."

நான் விளக்கினேன். இந்த முறை நேரம் இருந்தது. முதலில் எடுக்கும் சிடி முக்கியமாக ரத்தக்கசிவு இருக்கிறதா என்று பார்க்கத்தான், அடைப்பால் வந்த சிறிய பாதிப்பு அதில் தெரியாமல் போகலாம். எம்.ஆர்.ஐ.யும் சுத்தம் என்றால் மூளைத் திசு சாகவில்லை என்று அர்த்தம், ரத்தம் தடைபடவே இல்லை என்று அர்த்தமில்லை. திசு சாகாமல் தப்பித்தால்தான் அதற்கு டிஐஏ என்றே பெயர். படம் சுத்தமாக இருப்பது நல்ல செய்தி, ஆனால் நடந்ததை அது பொய்யாக்காது. அதனால்தான் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், கழுத்து ரத்தக்குழாயையும் இதயத் துடிப்பையும் பார்த்திருக்கிறார்கள், பிபியைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

முழுதும் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார், "அப்ப படத்துல ஏதாவது இருந்தாலும் நீங்க சொன்னது சரி. இல்லாட்டியும் நீங்க சொன்னதுதான் சரி. அப்படித்தானே?"

என்னிடம் பதில் இல்லை. இன்றுவரை முழுப் பதில் இல்லை. அந்த அம்மாவுக்குப் பக்கவாதம் வராமல் போனால், மாத்திரை காப்பாற்றியது என்பேன். அன்றைக்குக் காலையில் நடந்ததே வேறு ஏதோ ஒன்றாக இருந்து, மாத்திரை இல்லாமலும் வந்திருக்காது என்பதற்கும் அதே அளவு இடம் இருக்கிறது. டிஐஏ சந்தேகத்தில் அனுப்பப்படுகிறவர்களில் நிறைய பேருக்கு நடந்தது வேறொன்று என்றுதான் கடைசியில் தெரியவருகிறது. அவரிடம் ஆக்ஸ்போர்டில் நடந்த எக்ஸ்பிரஸ் ஆய்வைச் சொல்லியிருக்கலாம். 2007ல் வெளிவந்தது. டிஐஏவோ சிறிய பக்கவாதமோ வந்தவர்களைத் தாமதமில்லாமல் பார்த்து உடனே மருந்து தொடங்கியபோது, 90 நாட்களுக்குள் மீண்டும் பக்கவாதம் வருவது 10.3 சதவீதத்திலிருந்து 2.1 சதவீதமாகக் குறைந்தது. நான் இந்த வேலையை நம்பிச் செய்வதற்கு அந்த எண்கள் போதும். ஆனால் பழைய முறையில், தாமதமாக மருந்து தொடங்கியபோதும் 100 பேரில் கிட்டத்தட்ட 90 பேருக்கு ஒன்றும் வரவில்லை என்றும் அதே கணக்கு சொல்கிறது. தன் அம்மா அந்த 90 பேரில் ஒருவர் என்று மகன் நினைத்தால், அதைத் தவறென்று காட்ட என்னிடம் எதுவுமில்லை.

எங்களுக்குள்ளேயே யார் அவசரம், யார் அவசரமில்லை என்று தீர்மானிப்பது அவ்வளவு திடமாக இல்லை. வயது, பிபி, அறிகுறி, எவ்வளவு நேரம் நீடித்தது, சர்க்கரை நோய் என்று ஐந்து விஷயங்களுக்கு மதிப்பெண் போடும் ஏபிசிடி2 முறை இருக்கிறது. நானும் மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். அந்த அம்மாவுக்கு 7க்கு 5 வந்தது. ஆனால் இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2019ல், அந்த மதிப்பெண்ணை வைத்து அவசரத்தை முடிவு செய்ய வேண்டாம், கடந்த ஒரு வாரத்துக்குள் நடந்திருந்தால் எல்லோரையும் 24 மணி நேரத்துக்குள் நிபுணர் பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டது. குறைந்த மதிப்பெண் வாங்கியவர்களும் பக்கவாதத்தில் விழுகிறார்கள் என்பதுதான் காரணம்.

எல்லோரையும் என்றால் ஓபி தாங்குமா என்பது வேறு விஷயம். ராத்திரி கை மரத்து விழித்து, உதறினால் சரியாகும் என்று ஒருவர் வருவார். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் என்று காட்டுவார். மணிக்கட்டில் நரம்பு அழுந்துவதுதான் பெரும்பாலும், பக்கவாதம் என்று பயந்து வந்திருப்பார். படுக்கையில் புரளும்போது அரை நிமிடம் அறையே சுற்றுகிறது என்று இன்னொருவர். அது காதுக்குள் இருக்கும் துகள்களின் வேலை, தலையை முறையாகத் திருப்பிச் செய்யும் ஒரு பயிற்சியிலேயே பலருக்குச் சரியாகும். இவர்களுக்கு முதலில் பொது மருத்துவர் போதும். ஆனால் இதே வரிசையில், இரண்டு நாளாகக் கால் மரத்து, இன்று படியேற முடியவில்லை என்று ஒருவர் நிற்பார். அந்தப் பலவீனம் மேலேறி மூச்சுக்கு வரலாம். முதுகு வலியோடு, உட்காரும் இடம் மரத்து, சிறுநீர் வரவில்லை என்பவரும் நிற்பார். எல்லோரும் சொல்வது ஒரே வார்த்தை, "மரத்துப்போச்சு". எப்போதிலிருந்து, எவ்வளவு வேகமாக, கூடவே வேறென்ன போனது என்று கேட்டால்தான் பிரிக்க முடியும். அதைக் கேட்கத்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

அப்படிக் கேட்டு எழுதிய ஷீட் ஒன்று பாதியில் நின்றுவிட்டது. அம்மா பேசுவதற்கு முன்னால் நான் அதில் கடைசியாக எழுதியது, "வலி மாத்திரை: தினமும்". இதைத்தான் விட முடியவில்லை. சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, பல மருந்து சேர்ந்த கலவை மாத்திரை என்றால் 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்தையும் தாண்டிப் போட்டுக்கொண்டே இருந்தால், மாத்திரையே தலைவலியைத் தக்கவைத்துக்கொள்ளும். அவருடைய பையிலிருந்த எந்தப் படத்திலும் அது தெரியாது. டாக்டர் அந்த வரியைப் பார்த்திருந்தால் அன்றைக்கே பேச்சு அங்கிருந்துதான் தொடங்கியிருக்கும். சம்மரியோடு வந்த நாளில் புது டோக்கன் போட்டுத் தருகிறேன் என்றேன். "வேண்டாம் சிஸ்டர், பார்த்துக்கிறேன்" என்று போனவர் பிறகு வரவில்லை. மாத்திரையைப் பற்றி வாசலிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்தான். அதைச் சொல்வது டாக்டரின் வேலை, என் வேலை இல்லை. ஆனால் அவருடைய அம்மாவைக் கேட்டதும் என் வேலை இல்லைதானே.

என்னோடு வேலை பார்க்கும் சீனியர் அக்கா இதை இவ்வளவு யோசிப்பதே தப்பு என்கிறார். "அம்மாவை அனுப்பினே, சரி. அவனையும் எதுக்கு அனுப்பினே? நம்ம பசங்க யாரையாவது கூட விட்டுட்டு, அவன் டாக்டரைப் பார்த்துட்டுப் போயிருப்பான்ல?" கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் காஷுவால்டியில் முதலில் கேட்பது, கடைசியாக எப்போது நன்றாக இருந்தார், என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று. வார்த்தை மறுபடியும் போய்விட்டால் யார் சொல்வது? மகன் வேண்டும் என்றேன். "அவனுக்குத்தான் ஒண்ணுமே தெரியாதே, அந்தம்மா சொல்லவே இல்லையே" என்றார் அக்கா. அதுவும் உண்மை.

இப்போது என் ஷிஃப்டில் இப்படி ஒருவரை எழுப்பி அனுப்ப வேண்டி வந்தால், அவருடைய டோக்கனை ரத்து செய்யாமல் அன்றைய கடைசி எண்ணாக மாற்றி, ஷீட்டை டாக்டரின் மேஜையிலேயே வைத்துவிடுகிறேன். அக்காவின் ஷிஃப்டில் இது கிடையாது, வரிசை குழம்பும் என்கிறார். டாக்டர் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை.