அடுப்பை எரியவிட்டு ரெண்டு நாள் ஊருக்குப் போகலாமா?

பென்சில்வேனியாவில் இருக்கும் என் சித்தப்பா மகன் போன வாரம் போனில் கேட்ட கேள்வி இது. அங்கே அவன் வாங்கியிருக்கும் பழைய வீட்டில், கீழ்த்தளத்தில் ஒரு நிலக்கரி அடுப்பு இருக்கிறது, குளிர்காலம் முழுக்க வீட்டைச் சூடாக வைப்பது அதுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பி நியூஜெர்சியில் ஒரு புதுமனை புகுவிழாவுக்குப் போய்விட்டு ஞாயிற்றுக்கிழமை ராத்திரிதான் திரும்புவார்களாம். "ஆச்சி, அப்பத்தா ராத்திரி குமுட்டி அடுப்பை மூடி வச்சுட்டுக் காலையிலே அதே நெருப்பைக் கிளறி எடுப்பாகளே, அந்த மாதிரி இதையும் மூடி வச்சுட்டுப் போனா தாங்குமா?" என்றான். எங்கள் பக்கம் அக்காவைத்தான் ஆச்சி என்போம். போனில் பேசியும் தீரவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்க அடுப்புக்கு யோசனை சொல்கிறாளே என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

முதலில் அப்பத்தா செய்தது என்ன என்று பார்ப்போம், ஏனென்றால் அவனுக்கு அதில் பாதிதான் ஞாபகம் இருக்கிறது. ராத்திரி பால் காய்ச்சி இறக்கிய பிறகு குமுட்டியில் தண்ணீர் ஊற்ற விடமாட்டார்கள். இடுக்கியால் கங்குகளை எல்லாம் நடுவில் குவித்து, அதன் தலையில் பற்றாத கருவேலங்கரி ஒன்றைத் தடிமனாகப் பார்த்து வைத்து, மேலே சாம்பலை அள்ளித் தூவி, கரண்டியின் முதுகால் தட்டித் தட்டி, எங்கேயும் சிவப்பு தெரியாத அளவுக்கு மூடுவார்கள். அப்புறம் அடியில் இருக்கும் வாயை ஒரு உடைந்த செங்கல்லால் அடைப்பார்கள், முழுக்க இல்லை, ஒரு விரல் நுழையும் இடைவெளி விட்டு. அந்த ஒரு விரல் இடம்தான் சூட்சுமம். முழுக்க அடைத்தால் விடிவதற்குள் கரி செத்துவிடும், அகலமாக விட்டால் விடிவதற்குள் தீர்ந்துவிடும். காலையில் சாம்பலை விலக்கினால் உள்ளே செக்கச்செவேல் என்று கிடக்கும், நாலு சிரட்டைச் சில்லைப் போட்டு விசிறினால் காப்பிக்கு அடுப்பு தயார்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு மூடி விடிகாலை ஐந்து மணிக்குத் திறப்பது, எட்டு மணி நேரம். அதற்குமேல் அந்தக் குமுட்டி தாங்கியதில்லை. ஊருக்குப் போகும் நாளில் அப்பத்தாவே தணலை அணைத்துவிட்டுத்தான் வீட்டைப் பூட்டுவார்கள், அந்த மீதிப் பாதியைத்தான் தம்பி மறந்துவிட்டான்.

சரி, அவனுடைய அடுப்பு குமுட்டி இல்லை, இரும்புப் பெட்டி, புகைபோக்கி எல்லாம் இருக்கிறது, கரியும் வேறு. நமக்கு நிலக்கரி என்றால் நெய்வேலி, அது பழுப்பு நிலக்கரி, வெட்டி எடுக்கும்போது கிட்டத்தட்ட பாதி எடை ஈரம்தான். பென்சில்வேனியாவின் வடகிழக்கில் கிடைப்பது ஆந்த்ரசைட், நிலக்கரியிலேயே கெட்டியான ஜாதி, ஏறக்குறைய முழுக்கக் கார்பன். பற்றுவதற்கு அடம் பிடிக்கும், பற்றிவிட்டால் நிதானமாக எரியும், புகை பேருக்குத்தான், கொழுந்து நீலமாகக் குட்டையாக நிற்கும். வீடியோவில் காட்டினான், பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

விறகுக்கு மேலிருந்து காற்று கிடைத்தாலும் போதும், இந்தக் கரிக்கு அடியிலிருந்து காற்று ஏறியாக வேண்டும். அதனால் சல்லடைத் தட்டை ஆட்டிச் சாம்பலை முழுக்கக் கீழே இறக்கி, கரியை ஆழமாக நிரப்பி, அது நன்றாகப் பற்றிய பிறகு கீழ்க் காற்று வாயைக் குறைத்து வைக்க வேண்டும். அப்படிச் செய்தால் பன்னிரண்டு மணி நேரம் நிம்மதியாக ஓடும், அடுப்பு பெரிதாகவும் குளிர் குறைவாகவும் இருந்தால் ஒரு நாள்வரை கூட இழுக்கலாம். வெள்ளி சாயங்காலத்திலிருந்து ஞாயிறு ராத்திரி வரை ஐம்பது மணி நேரம். அவ்வளவுக்கு நடக்காது. கரி மிச்சம் இருந்தாலும் சாம்பல் அந்தச் சல்லடைத் தட்டை அடைத்துக்கொள்ளும், காற்று ஏறாது, எரியாத கரிக்கு நடுவிலேயே நெருப்பு அணைந்து கிடக்கும். மோட்டார் வைத்துப் பொடிக் கரியைத் தானாகத் தள்ளும் அடுப்புகளும் அங்கே உண்டு, அவை கூடுதல் நேரம் ஓடும், ஆனால் கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும், சாம்பல் தட்டு நிறைவதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது.

அணைந்து போவது கூட எனக்குப் பெரிய கவலை இல்லை. காற்றைக் குறைத்து வைத்த கரி பாதி எரிந்தும் எரியாமலும் கார்பன் மோனாக்சைடைக் கக்கும், நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது, ரத்தத்தில் ஆக்சிஜன் பிடிக்க வேண்டிய இடத்தை அதைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு பிடித்துக்கொள்ளும். புகைபோக்கி சூடாக இருக்கும்வரை அதை மேலே இழுத்துப் போய்விடும். நெருப்பு மங்க மங்கப் புகைபோக்கியும் ஆறும், இழுப்பு குறையும், மிச்ச வாயு வீட்டுக்குள்ளேயே தங்கலாம். இதைச் சொன்னதும் தம்பி, "வீட்லதான் யாரும் இருக்க மாட்டோமே ஆச்சி" என்றான். ஞாயிறு ராத்திரி தூங்கும் பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த வீட்டுக்குள் நுழையப் போவது யாராம்? அந்த வாயுவைக் கண்டு கத்தும் அலாரம் கத்தினாலும் இரண்டு நாளாக யாருமில்லாத சுவருக்குத்தான் கத்தியிருக்கும். நம் வீடுகளில் குமுட்டி இருந்தது பின்கட்டில், வானம் பார்த்த முற்றத்துக்குப் பக்கத்தில், அதனால்தான் அப்பத்தாவுக்கு இந்தப் பயம் இல்லை. கொடைக்கானல் ரூமில் குளிருக்குக் கரி அடுப்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தித் தூங்கியவர்கள் என்ன ஆனார்கள் என்று பேப்பரில் படித்திருப்பீர்கள்.

நம் பக்கத்தில் நாள்கணக்கில் விடாமல் இருக்கும் நெருப்பு என்றால் அது விறகைக் கரியாக்கும் கரிமூட்டம். காளையார்கோவில், இளையான்குடி என்று தெற்கே போனால் சீமைக் கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டிருப்பதைப் பார்க்கலாம். கட்டைகளை நெருக்கமாக அடுக்கி, வைக்கோலும் தழையும் போர்த்தி, அதன்மேல் ஈரமண் பூசி, உள்ளே தீயை வைத்து வாயை மூடிவிடுவார்கள், அடியில் சின்னச் சின்ன ஓட்டைகள் மட்டும். முதலில் வெள்ளைப் புகையாகக் கொட்டும், அது மரத்தின் ஈரம், அப்புறம் மெலிந்து நீலம் தட்டினால் கரி பிடிக்கிறது என்று அர்த்தம். உள்ளே கட்டை சுருங்கச் சுருங்க மேலே மண் உள்வாங்கி வெடிப்பு விடும், அந்த வெடிப்பை உடனே குழைத்த மண்ணால் அப்பவில்லை என்றால் காற்று புகுந்து மொத்தமும் விடிவதற்குள் சாம்பல். அதனால் பக்கத்திலேயே கட்டிலைப் போட்டு, ஒரு குடம் தண்ணீரையும் மண்வெட்டியையும் வைத்துக்கொண்டு ஒருவர் படுத்திருப்பார், தூங்குகிறாரா விழித்திருக்கிறாரா என்று நமக்குத் தெரியாது, ஆனால் வெடிப்பு விட்டால் எழுந்துவிடுவார். தொழிலே நெருப்பை மூடி வைப்பதுதான் என்று இருப்பவரே ஒரு ராத்திரி விட்டுவிட்டுப் போக மாட்டேன் என்கிறார்.

ஆள் இல்லாமலே எரியும் நிலக்கரியும் இருக்கத்தான் செய்கிறது. தம்பி இருக்கும் அதே மாநிலத்தில் சென்ட்ரேலியா என்ற ஊருக்கு அடியில் 1962-ல் சுரங்கத்தில் பிடித்த தீ இன்னும் எரிகிறது, ஊரையே காலி செய்துவிட்டார்கள். நம் ஜார்க்கண்டின் ஜரியாவில் 1916-லிருந்து எரிகிறது. அந்த மாதிரி நெருப்பு அவனுக்கு வேண்டாம் என்று நினைக்கிறேன்.

அவனுக்கு உண்மையில் எதற்கு அடுப்பு எரிய வேண்டும் என்று துருவிக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஆள் இல்லாத வீட்டுக்குச் சூடு எதற்கு? தண்ணீர்க் குழாய்க்காம். வீடு உறைநிலைக்குக் கீழே போனால் குழாயில் தண்ணீர் உறையும், உறைந்தால் ஒன்பது சதவீதம் பெருக்கும், குழாய் பிளக்கும், உருகும்போது வீடு முழுக்க வெள்ளம். சரி, அப்படியானால் கேள்வி அடுப்பைப் பற்றியதே இல்லை. வீட்டில் வைத்த சூட்டைத் தானே பார்த்துக்கொள்ளும் தெர்மோஸ்டாட்டோடு மின் ஹீட்டர் இருக்கிறது, பில்லுக்குப் பயந்து போடுவதில்லை. செட்டிநாட்டு ரத்தம், கணக்குப் பார்க்கத்தான் செய்யும், ஆனால் இந்த இரண்டு நாளைக்குப் பார்க்க வேண்டாம், அதைப் பதின்மூன்று டிகிரியில் வைத்துவிட்டு, மெயின் வால்வை மூடி, குழாய்களைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டுப் போ என்றேன். அடுப்பு தானாக எரிந்து தீரட்டும். திரும்பி வந்து பற்றவைக்க ஒரு மணி நேரம் ஆகும், முதலில் விறகு, அப்புறம் கை கையாகக் கரி, அலுப்புதான், வேறு வழியில்லை. இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுப் பெரியவர், அவரும் நிலக்கரி அடுப்புக்காரர்தானாம், காலையும் மாலையும் வந்து தட்டை ஆட்டிக் கரி போட்டுவிட்டுப் போகட்டும். அவருக்கு ஒரு டப்பா சீப்புச் சீடை கொடு என்று சொல்லியிருக்கிறேன், நான் இங்கிருந்து அனுப்பியதே இன்னும் தீராமல் இருக்கிறதாம்.

இன்னொன்று, கிளம்பும் அவசரத்தில் எல்லாரும் விடுவது சாம்பல். மேலே ஆறின மாதிரி இருக்கும் சாம்பலுக்குள் ஒரு கங்கு நாள்கணக்கில் உயிரோடு கிடக்கும். பிளாஸ்டிக் வாளியிலோ அட்டைப் பெட்டியிலோ அள்ளி வைக்காதீர்கள், மூடி போட்ட தகர வாளியில் அள்ளி, மரப்படியில் இல்லாமல் வெளியே வெறும் தரையில் வையுங்கள். இது அவனுக்கு மட்டும் இல்லை, இங்கே பலகாரம் சுட்ட மறுநாள் கோட்டை அடுப்புச் சாம்பலைக் கொண்டுபோய்க் காய்ந்த வைக்கோல் பக்கம் கொட்டுகிறவர்களுக்கும்தான்.