மொட்டை மாடிக் காற்றாலை: அம்மீட்டர் முள் ஏன் நிலைகொள்ளவில்லை?

பிவிசி குழாயை அறுத்துச் செய்த மூன்று இறக்கைகளையும் சுழற்றினால் மின்சாரம் தரும் ஒரு பழைய நிலைக்காந்த மோட்டாரையும் கொண்டு, 1.2 மீட்டர் விட்டமுள்ள சிறு காற்றாலையொன்றை வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஆடி மாதத் தொடக்கத்தில் நிறுத்தினேன். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். என் வீட்டில் பறந்தது அம்மீட்டரின் முள்தான். 12 வோல்ட் பேட்டரிக்குச் செல்லும் மின்னோட்டம், ஒரே நிமிடத்தில் சுழியத்துக்கும் 2.5 ஆம்பியருக்கும் இடையே பலமுறை ஏறி இறங்கியது.

முதலில் மோட்டாருக்குள் உரசி மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் பிரஷ்ஷைச் சந்தேகித்து மாற்றினேன், பயனில்லை. வெயிலில் காற்றின் அடர்த்தி குறைவது உண்மைதான். 15 டிகிரியில் இருப்பதைவிட 40 டிகிரியில் அது ஏறக்குறைய 8 விழுக்காடு குறைவு. ஆனால் அது நொடிக்கு நொடி மாறுவதில்லை.

பிறகுதான் கணக்குப் போட்டேன். காற்றிலுள்ள திறன் அதன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுவதால், நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் என் இறக்கைகளின் வட்டத்தைக் கடக்கும் சுமார் 17 வாட், 6 மீட்டர் வேகத்தில் எட்டு மடங்காகி 138 வாட்டை நெருங்குகிறது. அதில் 59.3 விழுக்காட்டுக்கு மேல் எந்தக் காற்றாலையாலும் எடுக்க முடியாது என்பது ஜெர்மன் இயற்பியலாளர் பெட்ஸ் வகுத்த எல்லை. என் குழாய் இறக்கைகள் 20 விழுக்காடு எடுத்தாலே பெரிது. மேலும், மெதுவான காற்றில் மோட்டார் தரும் மின்னழுத்தம் பேட்டரியின் அழுத்தத்தை எட்டாதவரை மின்னோட்டமே பாயாது. ஆகவே வேகம் பாதியானால் மின்சாரம் பாதியாவதில்லை, அறவே நின்றுவிடுகிறது.

காற்று ஏன் அவ்வளவு அலைகிறது என்று பார்க்க, கம்பத்தில் அரை மீட்டர் இடைவெளியில் ரிப்பன்களைக் கட்டினேன். தென்மேற்கிலிருந்து காற்று வந்தபோது மேல் ரிப்பன் நேராகப் பறக்க, கீழ் ரிப்பன்கள் சுழன்று எதிர்ப்பக்கம் மடிந்தன. தென்மேற்குப் பக்கத்தில்தான் எங்கள் தண்ணீர்த் தொட்டி நிற்கிறது. அந்தச் சுழலில், காற்றாலையைக் காற்றின் பக்கம் திருப்பும் வால் இங்குமங்கும் திரும்ப, இறக்கைகள் காற்றுக்கு நேர்முகமாக நிற்காத நொடிகளில் திறன் மேலும் சரிந்தது. 150 மீட்டர் தொலைவுக்குள் உள்ள எந்தத் தடையைவிடவும் 9 மீட்டர் கூடுதல் உயரத்தில் காற்றாலை இருக்க வேண்டும் என்ற பொது விதி மொட்டை மாடிக்கு எட்டாதது. எனவே கம்பத்தை எதிர் மூலைக்கு மாற்றி 3 மீட்டர் உயர்த்தினேன். இப்போது முள் பெரும்பாலும் 0.5க்கும் 2 ஆம்பியருக்கும் இடையே ஆடுகிறது.

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றை நம்பி கன்னியாகுமரி மாவட்டத்து முப்பந்தலில் காற்றாலைகள் நிற்கின்றன. வேலூருக்கோ குன்றுகளையும் வீடுகளையும் தடவி வரும் காற்றுதான். இனி வாலை நீட்டிப் பார்க்கப் போகிறேன்.