சொல்யூஷன் ரூமுக்குத் தராசு வாங்கியபோது

மார்த்தாண்டம் பக்கம் டயர் ரீட்ரெடிங்குக்கான ரப்பர் சாமான்கள் செய்யும் கம்பெனியில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். ரப்பர் ஷீட் எடைபோடும் தராசு எந்தக் கடையிலும் கிடைக்கும். சொல்யூஷன் ரூம் சமாச்சாரம் வேறு. ரப்பரை சால்வென்ட்டில் கரைத்துப் பசை செய்கிற இடம் அது. சால்வென்ட்டில் பெரும்பங்கு ஹெக்சேன். அதன் ஃபிளாஷ் பாயிண்ட், அதாவது தீப்பொறி பட்டால் பற்றும் அளவுக்கு ஆவி கிளம்பும் வெப்பநிலை, மைனஸ் 22 டிகிரி. நம்ம ஊர் மார்கழிக் குளிரெல்லாம் அதற்குக் கணக்கே இல்லை, எப்போதும் ஆவி கிளம்பிக்கொண்டே இருக்கும். காற்றைவிடக் கனம் என்பதால் தரையோடு தவழும். டிரம் வைக்கும் தராசும் தரையில்தான் கிடக்கிறது.

அதனால் விலை விசாரிக்கும் முன்பே, ஆலோசகர் ஒருவரை அழைத்து, ஆவி சேரும் வாய்ப்பைப் பொறுத்து அறையை ஜோன் பிரித்தோம். சாதாரண வேலையின்போதே அவ்வப்போது ஆவி சேரக்கூடிய இடம் ஜோன் 1. தராசு நிற்பது அங்கேதான்.

விற்க வந்தவர்களில் பலரும் சொன்னது ஒன்றுதான்: “ஃபிளேம்ப்ரூஃப் சார், முழுக்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், தண்ணி ஊத்திக் கழுவலாம்.” தண்ணீர் புகாதது வேறு, தீப்பொறி தராதது வேறு. ஒருவர் சான்றிதழே கொண்டுவந்தார். பார்த்தால் அது எடையைக் காட்டும் இண்டிகேட்டருக்கு மட்டும். தட்டுக்கு அடியில் எடையை உணரும் லோடு செல்லுக்கும், அதன் வயர்கள் சேரும் ஜங்ஷன் பாக்ஸுக்கும் எதுவும் இல்லை. ஆபத்து இருப்பதோ அந்த இரண்டும் கிடக்கும் இடத்தில்!

அப்புறம் எல்லோரிடமும் பெயர்ப்பலகையின் போட்டோவைக் கேட்டோம். ‘எக்ஸ் ஐஏ, ஐஐபி, டி4, ஜிபி’ என்று இருந்ததைத் தேர்ந்தெடுத்தோம். ‘எக்ஸ்’ என்பது வெடிப்பு ஆபத்துள்ள இடத்துக்கான கருவி என்ற குறி. ‘ஐஏ’ என்றால் ஆவியைப் பற்றவைக்கும் அளவுக்கு மின்சக்தியே அந்த வயரில் போகாது. வாயுக்களின் வகைப்பாட்டில் ஹெக்சேன் ஐஐஏ பிரிவு, அதைவிடக் கடுமையான ஐஐபி அதற்கும் பொருந்தும். ‘டி4’ என்றால் மேற்பரப்பு 135 டிகிரியைத் தாண்டாது. ஹெக்சேன் தானாகப் பற்றுவது சுமார் 225 டிகிரியில். ‘ஜிபி’ என்ற பாதுகாப்பு நிலை ஜோன் 1-க்குப் போதும். இதோடு பெசோ (பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பு) அனுமதியும் இருக்கிறதா என்று பார்த்தோம்.

இண்டிகேட்டரைச் சுவருக்கு வெளியே வைத்து, திறக்க முடியாத கண்ணாடி வழியாக எண்ணைப் பார்க்கும்படி செய்தோம். சார்ஜர், பேட்டரி தொல்லை உள்ளே வராது. லோடு செல், இண்டிகேட்டர் இரண்டும் ஜீனர் பேரியர் வழியாகத்தான் பேசும்; ஆபத்தான பக்கத்துக்கு அதிக மின்சக்தி போகாமல் தடுக்கும் கருவி அது. அந்த பேரியரின் வோல்டேஜ், கரண்ட், பவர் மூன்றும் லோடு செல் தாங்கும் அளவுக்குள் இருக்க வேண்டும். கேபிள் நீளத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பேரியரின் எர்த் பாதையின் தடை 1 ஓம்முக்குக் கீழே வரும்வரை எலெக்ட்ரீஷியனை விடவில்லை.

ஜங்ஷன் பாக்ஸ் சான்றிதழ் எண்ணின் கடைசியில் ஒரு ‘X’ எழுத்து இருந்தது. தனி நிபந்தனை உண்டு என்பதற்கான அடையாளம் அது. பின்பக்கத்தில் பார்த்தால், பிளாஸ்டிக் மூடியை ஈரத்துணியால் மட்டுமே துடைக்க வேண்டும், உலர்ந்த துணியால் தேய்த்தால் நிலைமின்சாரம் சேரும் என்று போட்டிருந்தது. எங்கள் ஆட்கள் எதையும் பனியன் வேஸ்ட்டால் பரபரவென்று தேய்ப்பவர்கள். அந்த வரியைத் தமிழில் எழுதித் தராசுக்கு மேலேயே ஒட்டினேன். டிரம்முக்கு எர்த் கிளிப் போடும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டிவிடச் சொன்னேன்.

எடைபோட்டு விற்கும் தராசு என்றால் 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி முத்திரையும் வேண்டும். அதைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரிப்பேர் பற்றி ஒன்று. நாகர்கோவிலில் எந்த லோடு செல்லையும் கழற்றி மாற்றித் தர ஆள் கிடைக்கும். இந்தத் தராசில் அது வேண்டாம். சான்றிதழில் இருக்கும் அதே மாடல் தவிர வேறெது போட்டாலும் அந்த அனுமதி செல்லாது. நாங்கள் ஒரு ஸ்பேர் லோடு செல்லைச் சான்றிதழ் நகலோடு ஸ்டோரில் வாங்கி வைத்திருக்கிறோம்.