தேதி போட்டால் போதுமா?

"நேற்று நான் வரவில்லை என்பதை யாராவது கவனித்தீர்களா?"

ஔலு நகரத்தில் இருக்கும் எங்கள் ஹீலர், அதாவது நாங்கள் இணையத்தில் சேர்ந்து ஆடும் விளையாட்டில் மற்றவர்களின் காயத்தை ஆற்றுபவர், ஒரு வியாழக்கிழமை காலை எனக்கு இப்படி எழுதியிருந்தார். முந்தைய இரவு ரெய்டு, பெரிய எதிரிகளை எல்லோரும் கூடி எதிர்க்கும் ஆட்டம். 40 பேர் நிற்க வேண்டிய மோல்டன் கோர் என்ற குகையின் வாசலில் பாதிப் பேர்தான் நின்றோம். அரை மணி நேரம் பார்த்துவிட்டு, ஆளுக்கொரு குட்நைட் சொல்லிக் கலைந்துபோனோம். வராதவர்களை யாரும் தேடவில்லை. அவர் எழுதியதில் கோபம் துளியும் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டிருந்தார். அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. எங்கள் ஊரில் ஒருவர் பந்திக்கு வரவில்லையென்றால் இலை எடுப்பதற்குள் ஆள் போய்விடும், என்ன ஆயிற்று என்று கேட்க.

நான் வேலைக்காகப் பின்லாந்தின் தம்பெரே நகருக்கு வந்தது 2019 கோடையில். இரண்டு பெரிய ஏரிகளுக்கு நடுவே பாயும் ஆற்றின் வேகத்தை நம்பிப் பஞ்சாலைகள் எழுந்த ஊர் இது. நான் பிறந்த விக்கிரமசிங்கபுரமும் தாமிரபரணித் தண்ணீரை நம்பி எழுந்த பஞ்சாலையால் வளர்ந்த ஊர்தான். செங்கல் ஆலைகளையும் புகைபோக்கியையும் பார்த்த அன்றே, இங்கே ஒட்டிக்கொள்வது எளிது என்று மனத்தில் பட்டது. ஊர் ஒட்டிக்கொண்டது. மனிதர்கள்தான் நேரம் எடுத்துக்கொண்டார்கள். டிசம்பரில் காலை ஒன்பதரைக்கு மேல் விடிந்து பிற்பகல் மூன்று மணிக்கெல்லாம் இருட்டிவிடும் ஊரில், பக்கத்து வீட்டு மனிதரின் முகத்தைப் பார்ப்பதற்கே ஒரு வாய்ப்பு வேண்டும்.

அந்த ஆகஸ்ட் 27 அன்றுதான் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டின் கிளாசிக் பதிப்பு வெளியானது. 2004இல் முதன்முதலாக வந்த விளையாட்டை, அதன் மெதுவான பழைய நடையோடு திரும்பக் கொண்டுவந்தார்கள். எதையும் தனியாக முடிக்க முடியாது என்பதே அதன் அழகு. 60ஆம் நிலைக்கு வந்த பிறகு பெரிய எதிரிகளை வீழ்த்த 40 பேர் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், அவரவர் வேலையை அறிந்து நிற்க வேண்டும். உலகத்தின் வேகமான கில்டுகள், அதாவது சேர்ந்து ஆடும் குழுக்கள், விளையாட்டு வெளியான ஒரு வாரத்துக்குள்ளேயே மோல்டன் கோரின் கடைசி எதிரியான ரக்னரோஸை வீழ்த்திவிட்டன. எங்களைப் போன்ற வேலைக்குப் போகிறவர்களின் கில்டுக்கோ வாசலில் ஆள் சேர்வதே பெரும்பாடாக இருந்தது.

எங்கள் கில்ட் தலைவர் நேர்மையானவர். ஞாயிறு மாலையே தேதி, நேரம், தேவையான மருந்துகள் எல்லாவற்றையும் பட்டியலிட்டுப் போட்டுவிடுவார். அதோடு வேலை முடிந்தது என்று நம்புவார். இந்த நாட்டில் அப்படித்தான் வாழ்கிறார்கள். சலவை அறைக்கு ஒரு தாள், சவுனாவுக்கு ஒரு முறை நேரம், எல்லாம் எழுதி மாட்டியிருக்கும். பெயரைப் போட்டவர் சரியான நிமிடத்துக்கு வந்துவிடுவார். மேற்கொண்டு ஒருவரைக் கேட்பது அவரைத் தொந்தரவு செய்வது. நான் மதிக்கும் ஒழுங்குதான் இது. ஆனால் ஒருவருக்குத் தயக்கமோ சோர்வோ வந்துவிட்டால் அந்தத் தாள் என்ன செய்யும்? அவரை ஒரு வார்த்தை கேட்க அதற்கு வாய் ஏது?

அம்மன் கோயில் கொடைக்குக் கால்நாட்டும் முன்பே என் அப்பா வரி நோட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று கூட்டத்தில் முடிவாகியிருக்கும், ஊருக்கே தெரியும், மைக்கிலும் சொல்லியாகியிருக்கும். இருந்தாலும் ஒவ்வொரு வீட்டுக்கும் போக வேண்டும். வாசலில் நின்றபடி கேட்டு வாங்கி வருகிற பழக்கம் அவருக்கு இல்லை. உள்ளே போய் உட்கார்ந்து, மூட்டுவலி எப்படி இருக்கிறது, மகன் சென்னையிலிருந்து எப்போது வருகிறான் என்று கேட்டு, கொடுத்த காப்பியைக் குடித்த பிறகுதான் நோட்டைத் திறப்பார். பணம் இல்லாத வீட்டில் நோட்டைத் திறக்கவே மாட்டார். பந்தலுக்கு ஓலை முடைய வர முடியுமா என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்துவிடுவார். கொடையன்று அந்த வீட்டுக்காரர்தான் முதல் ஆளாக வந்து நிற்பார். பள்ளி விடுமுறையில் பல வீடுகளுக்கு நானும் கூடப் போயிருக்கிறேன். நோட்டின் அட்டையில் மஞ்சளும் குங்குமமும் அப்பியிருக்கும். உள்ளே அப்பாவின் சாய்ந்த கையெழுத்து.

ஔலு நண்பருக்குப் பதில் எழுதிய அன்றே கில்டில் இருந்த ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத ஆரம்பித்தேன். ரெய்டைப் பற்றி எடுத்தவுடன் பேசவில்லை. என்ன செய்கிறீர்கள், எப்படி இருக்கிறீர்கள் என்றுதான் கேட்டேன். இரண்டு நாள் யாரிடமிருந்தும் பெரிதாகப் பதில் இல்லை. பிறகு மடை திறந்தது. ஒருவர் மருத்துவமனையில் இரவுப் பணி பார்ப்பவர். புதன்கிழமைகளில் வரவே முடியாது, ஆனால் அதைச் சொல்ல அவருக்கு இடமே கிடைக்கவில்லை. ஒருவருக்குக் கைக்குழந்தை. சனிக்கிழமைக்கு மாற்றலாமா என்றால் பாதிப் பேர் ஒரே குரலில் மறுத்தார்கள்: சனிக்கிழமை சவுனா. எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. எங்கள் வீட்டு ஆண்களும் சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நேரத்தில் கலெக்டரே வந்தாலும் திண்ணையில்தான் உட்கார வேண்டும்.

அதிகம் பேர் சொன்ன காரணம் வேறு: கவசம் சரியில்லை, வந்தால் மற்றவர்களுக்குப் பாரம். கியர் இல்லாதவர்களை வெளியே நிறுத்திவிட்டு, இருப்பவர்களை மட்டும் வைத்துக்கொண்டு ஓடும் கில்ட் எனக்குப் பிடிப்பதில்லை. அது ஊர் இல்லை, பணியமர்த்தும் அலுவலகம். தலைவரிடம் இதை நேராகவே சொன்னேன். அவர் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். திங்கள் மாலைகளில் ஐந்து ஐந்து பேராகச் சிறு குகைகளுக்குப் போகத் தொடங்கினோம். நன்றாகத் தேறிய ஒருவர், தேறாத நால்வர். கிடைப்பதெல்லாம் அந்த நால்வருக்கு. தேறியவருக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. ஆனாலும் போனார்கள், பெயர் சொல்லிக் கேட்டதால்.

2020 பிப்ரவரியில் பிளாக்விங் லேர் என்ற அடுத்த ரெய்டு திறந்தது. அங்கே கடைசியில் இருக்கும் நெஃபேரியனின் நிழல் நெருப்பைத் தாங்க, ஒனிக்ஸியா என்ற பெண் டிராகனின் செதிலால் செய்த மேலங்கி வேண்டும். ஆளுக்கு ஒன்று. ஒனிக்ஸியாவை ஐந்து நாளுக்கு ஒருமுறைதான் வீழ்த்த முடியும். ஒவ்வொரு முறையும் சில செதில்களே கிடைக்கும். அதை உரிக்கத் தோலுரிக்கும் திறன் 315 வேண்டும், கற்றுக்கொண்டு அடையக்கூடிய உச்சமோ 300. மீதியைத் தனிக் கத்தியாலும் கையுறையில் ஏற்றும் மந்திரத்தாலும் ஈடுகட்ட வேண்டும். அந்த வேலை என்னுடையது. தையல்காரர் ஒருவர் அடியில் போடும் துணி அங்கியைத் தைத்து விளையாட்டுக்குள் இருக்கும் தபாலில் அனுப்புவார், நான் செதிலைச் சேர்த்து முடித்துத் திரும்ப அனுப்புவேன். முதலில், முன்னால் நின்று அடி வாங்கும் டேங்குகளுக்கு. பிறகு யாருக்கு என்ற கேள்வி வந்தபோது, இதுவரை எதுவும் கிடைக்காதவர்களுக்கு என்றேன். ஒவ்வொரு அங்கியோடும் அவரவர் பெயர் போட்டு இரண்டு வரி எழுதி அனுப்பினேன். இரவுப் பணி நண்பர் அந்த அங்கி கைக்கு வந்த வாரம் தன் பணிமுறையையே மாற்றிக்கொண்டு வந்தார்.

அங்கே இருக்கும் வேலஸ்ட்ராஸ் என்ற டிராகன் எங்களைப் பாடாய்ப் படுத்தியது. கில்டுகளை உடைக்கிற பாஸ் என்று அதற்குப் பெயர். சுமார் மூன்று நிமிடத்துக்குள் முடிக்காவிட்டால் கூட்டமே கருகிவிடும். இடையிடையே ஒருவரைத் தேர்ந்து எரியும் சாபத்தைப் போடும். அவருடைய தாக்குதல் பல மடங்காகும், ஆனால் சில நொடிகளில் அவர் இறப்பது உறுதி, இறக்கும்போது வெடித்து அருகில் இருப்பவர்களையும் கொன்றுவிடும். அதனால் சாபம் விழுந்தவர் உடனே கூட்டத்தை விட்டு ஓடிப்போய், தனியே நின்று, கடைசி நொடிவரை அடித்துக்கொண்டே சாக வேண்டும். முதலில் பலர் தயங்கி நின்று மற்றவர்களையும் சாகடித்தார்கள். யாரும் யாரையும் திட்டக் கூடாது என்று முன்பே பேசிவைத்திருந்தோம். ஒரு புதன்கிழமை, சாபம் விழுந்த ஔலு நண்பர் அமைதியான குரலில் "நான் போகிறேன், நீங்கள் பாருங்கள்" என்று சொல்லிவிட்டுச் சுவரோரம் ஓடினார். அந்த முறை அது விழுந்தது. இத்தனை மாதத்தில் பேசாதவர்கள்கூட அன்று கத்தினார்கள். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இப்போது இந்த ஊர் எனக்கு என் ஊர் என்று தயங்காமல் சொல்வேன். டிராம் எந்தப் பக்கம் திரும்பும், எந்தக் கடையில் கம்பு மாவு ரொட்டி நன்றாக இருக்கும் என்று புதிதாக வருகிறவர்களுக்கு நானே சொல்கிறேன். ஆனால் குளிர்காலத்தில் ரெய்டு தொடங்கும் இரவு எட்டரை மணி, எங்கள் ஊரில் சரியாக நள்ளிரவு. சாமக்கொடை நேரம். ஹெட்போனை மாட்டி ஒவ்வொரு பெயராகப் பச்சை விளக்கு எரியத் தொடங்கும்போது எனக்குக் கணியான் மகுடம் கேட்கிறது. சாமி வருகிற நேரத்தில் பின்வரிசையில் நிற்கும் அப்பாவின் தோள் துண்டு தெரிகிறது. யார் வந்திருக்கிறார்கள், யார் வரவில்லை என்று கூட்டத்தில் அவர் கண் தேடிக்கொண்டே இருக்கும். வராத வீட்டுக்கு மறுநாள் பொங்கச்சோறு போகும்.

நெஃபேரியனை வசந்தத்தில் வீழ்த்தினோம், 40 அங்கிகளோடு. அடுத்து ஜூலை இறுதியில் ஆன் கிராஜ் என்ற ரெய்டுக்கான கட்டம் தொடங்கியது. அதற்குள் ஜூன் மாத நடுக்கோடைப் பண்டிகையான யுஹன்னுஸுக்குப் பாதிக் கில்ட் ஏரிக்கரைக் குடில்களுக்குப் போய்விட்டது. உள்ளே இளவரசி ஹுஹுரான் விஷத்தை வீசும்போது மிக அருகில் நிற்கும் 15 பேர் இயற்கை எதிர்ப்புக் கவசத்தோடு அதை வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த 15 பேர் யார் யார் என்று எழுதி வைத்துக்கொண்டு, குடில்களிலிருந்து ஒவ்வொருவராகத் திரும்பி வர வர, அவரவருக்கு எழுதினேன். முதலில் மீன் கிடைத்ததா என்று கேட்டேன். கவசத்தைப் பற்றிப் பிறகு.