திரைப்படங்களின் துணையோடு ஸ்பானிய மொழி: இதுவரை கண்டவை

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீட்டில் இருந்தபடியே, வகுப்பு எதற்கும் போகாமல், திரைப்படங்களைக் கொண்டு ஸ்பானிய மொழி பயின்று வருகிறேன். இலக்கணத்துக்கு ஒரு பாடநூலும், கேட்டதை எழுதிவைக்க ஒரு கொப்பியும், காலி வீதியின் இரைச்சலைத் தடுக்க ஒரு ஹெட்போனும் போதுமாக இருக்கின்றன. இரண்டு மணி நேரப் படத்தை முழுவதுமாக ஓடவிட்டுப் பார்ப்பதால் மொழி வந்துவிடுவதில்லை. மூன்று நான்கு நிமிடக் காட்சி ஒன்றைப் பிடித்துக்கொண்டு, முதலில் எழுத்து எதுவும் இல்லாமல் கேட்டு, பிறகு ஸ்பானியச் சப்டைட்டிலோடு பார்த்து, காதில் விழாமற் போன சொற்களைக் கொப்பியில் குறித்து, மீண்டும் எழுத்தில்லாமல் கேட்பதுதான் எனக்குப் பயன் தந்த முறை. விஎல்சி போன்ற மென்பொருளில் வேகத்தைச் சற்றுக் குறைக்கவும் முடியும். ஆங்கிலச் சப்டைட்டில் திரையில் இருக்கும்வரை கண் அதை வாசித்துக் கதையைப் புரிந்துகொள்கிறது. காதுக்கு வேலையே இல்லை.

ஸ்பானியத்தில் மொழிமாற்றம் செய்யப்பட்ட ஆங்கிலப் படங்கள் இதற்கு அவ்வளவாக உதவுவதில்லை. அவற்றில் பேச்சை ஒருவரும் சப்டைட்டிலை இன்னொருவரும் தனித்தனியே மொழிபெயர்ப்பது வழக்கம் என்பதால், காதில் விழும் சொல் ஒன்றாகவும் கண்ணில் படும் சொல் வேறொன்றாகவும் இருக்கும். ஸ்பானியத்திலேயே எடுக்கப்பட்ட படங்களைத் தேர்வது நல்லது.

நான் அதிக காலம் தங்கிய படம் அல்ஃபோன்சோ குவாரோன் 2018இல் இயக்கிய ‘ரோமா’. 1970, 1971 ஆண்டுகளில் மெக்சிக்கோ நகரின் ஒரு நடுத்தரக் குடும்பத்தையும், அவ்வீட்டில் வேலை செய்யும் கிளேயோ என்ற பழங்குடிப் பெண்ணையும் பற்றிய கறுப்பு வெள்ளைப் படம் அது. சாப்பாடு, துணி துவைத்தல், பிள்ளைகளை எழுப்புதல் என்று அன்றாட வீட்டுப் பேச்சு நிறைந்திருப்பதால் தொடக்க நிலையினருக்கு ஏற்றது. வீட்டுக்காரி கிளேயோவை ‘தூ’ என்று ஒருமையில் அழைக்க, கிளேயோ அவரிடம் ‘ஊஸ்தெத்’ என்ற மரியாதை வடிவத்தில் பேசுகிறாள். சக பணிப்பெண்ணோடு தனித்திருக்கும்போது இருவரும் தங்கள் மிஷ்தெக் மொழிக்கு மாறிவிடுகிறார்கள். மலையகத்திலிருந்து கொழும்பு வீடுகளுக்கு வேலைக்கு அனுப்பப்பட்ட பெண்களை அறிந்த எவருக்கும் அந்த வீட்டில் யார் யாரிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்பது இலக்கணக் குறிப்பாக மட்டும் நின்றுவிடாது. நீ, நீர், நீங்கள் என்று மூன்று படிகளில் கதைத்துப் பழகிய நமக்கு, இந்த இரண்டு படிகளையும் உணர்வதில் சிரமமும் இல்லை.

ஆனால் ‘ஊஸ்தெத்’ படர்க்கை வினையை ஏற்பது என்பதை மனத்தில் வைத்திருக்க வேண்டும். தமிழைப் போலவே ஸ்பானியத்திலும் வினைமுற்றின் விகுதியே எழுவாயைக் காட்டிவிடுவதால் பெயரையோ சுட்டையோ பெரும்பாலும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அப்போது ‘நீங்கள் வருகிறீர்களா’ என்பதும் ‘அவள் வருகிறாளா’ என்பதும் ஒரே ஒலியாகிவிடுகின்றன. பேசுபவரின் பார்வை எங்கே போகிறது என்பதைக் கண்டுதான் பொருளைப் பிரிக்க முடியும். ஒலிப்பதிவைக் காட்டிலும் திரைப்படம் மேல் என்று நான் கருதுவதற்கு இதுவே முதற்காரணம்.

இதே படம் ஸ்பெயினில் வெளியானபோது, மெக்சிக்கோ ஸ்பானியத்துக்கு ஸ்பெயின் நாட்டு வழக்கில் சப்டைட்டில் போட்டிருந்தார்கள். அது ஸ்பெயின் பார்வையாளர்களையே இழிவுபடுத்துவது என்று குவாரோன் 2019 ஜனவரியில் வெளிப்படையாகக் கண்டித்த பின்னர் நெட்பிளிக்ஸ் அதை நீக்கியது. யாழ்ப்பாணத் தமிழ் சென்னைத் திரையில் எப்படிக் கையாளப்படுகிறது என்று கவனித்து வந்த எனக்கு, அவருடைய கோபம் முழுவதும் நியாயமாகவே பட்டது. கற்பவருக்கும் இதில் ஒரு செய்தி உண்டு: சப்டைட்டில் தெரிவில் ‘ஸ்பெயின்’, ‘இலத்தீன் அமெரிக்கா’ என்று இரண்டு இருந்தால், படம் எடுக்கப்பட்ட நாட்டுக்கு நெருக்கமானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஆங்கிலத்தின் வழியே இலக்கணத்தை அணுகியபோது புதிராகத் தோன்றிய பல இடங்கள், தமிழிலிருந்து பார்த்தவுடன் தெளிந்தன. ‘எனக்கு இது பிடிக்கும்’ என்ற அமைப்பிலேயே ஸ்பானியரும் பேசுகிறார்கள்; பிடிக்கும் பொருளே எழுவாய், பிடித்தவர் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். ‘படம் பார்த்தேன்’ என்று உருபில்லாமல் சொல்லும் நாம், ‘அம்மா பார்த்தேன்’ என்று சொல்வதில்லை. ‘அம்மாவைப் பார்த்தேன்’ என்றே சொல்கிறோம். ஸ்பானியத்திலும் செயப்படுபொருள் குறிப்பிட்ட ஒரு மனிதராக இருந்தால் அதன்முன் ‘ஆ’ என்ற சிறுசொல் வந்தாக வேண்டும்; வீடு, புத்தகம் போன்றவற்றுக்கு அது பொதுவாக வருவதில்லை. செல்லமாக வளர்க்கும் நாய்க்கு வருவதுண்டு. உயர்திணை, அஃறிணை என்று பள்ளியில் படித்தது உலகின் மறுகோடியில் உள்ள ஒரு மொழிக்குத் திறவுகோலாகும் என்று நான் எதிர்பார்த்திருக்கவில்லை. அந்த ‘ஆ’ ஒவ்வொரு முறை காதில் விழும்போதும் இன்றும் மகிழ்ச்சியே உண்டாகிறது.

ஒலியிலும் உறவு தெரிகிறது. ‘தங்கம்’ என்பதில் அழுத்தமாக நிற்கும் ககரம் ‘பகல்’ என்பதில் இளகிவிடுவதைப் போல, ஸ்பானியத்தின் சில மெய்களும் மூக்கொலிக்குப் பின் அழுந்தி, உயிர்களுக்கு நடுவே தளர்கின்றன. மரத்துக்கும் மறத்துக்கும் உள்ள வேறுபாட்டை அழுத்திச் சொல்லப் பழகிய நாவுக்கு அவர்களுடைய இரண்டு ரகரங்களும் வசப்படும். கடினமானது சொற்புணர்ச்சி. நாம் யகர வகரங்களை இடையில் இட்டு உயிர்களைப் பிரித்து வைக்கிறோம். அவர்கள் அடுத்தடுத்த சொற்களின் உயிர்களை ஒன்றாகக் கரைத்துவிடுகிறார்கள். வினாடிக்கு ஏறத்தாழ 8 அசை என்ற வேகத்தில் வரும் பேச்சில் மூன்று சொற்கள் ஒரு சொல்லாகக் கேட்பது இதனால்தான். வேகத்தைக் குறைத்தாலும் அந்த இணைப்பு அவிழாது; எழுத்தைப் பார்த்துக்கொண்டு மீண்டும் மீண்டும் கேட்டுத்தான் பழக வேண்டும்.

தமிழ் கைகொடுக்காத இடங்களும் உள்ளன. மேசைக்கும் கதவுக்கும் பால் வகுப்பது நமக்கு அயலானது. பெயர்ச்சொல்லை, அதன் பாலைக் காட்டி முன்னால் வரும் ‘எல்’, ‘லா’ என்ற சிறுசொல்லோடு சேர்த்தே கொப்பியில் எழுதுவது தவிர வேறு வழியை நான் காணவில்லை. ‘நேற்று வந்த பையன்’ என்று விளக்கத்தை முன்னால் வைத்துப் பெயரைப் பின்னால் எதிர்பார்க்கும் நம் மனம், பெயரைச் சொல்லிவிட்டு விளக்கத்தைத் தொடரும் நீண்ட வாக்கியங்களில் இன்னமும் பின்தங்கிவிடுகிறது.

இப்போது ஆர்ஜென்டினாப் படங்களுக்கு வந்திருக்கிறேன். ஹுவான் ஹோசே கம்பனெயா 2009இல் இயக்கிய ‘எல் செக்ரேத்தோ தே சுஸ் ஓஹோஸ்’ படத்தில் ரிக்கார்தோ தரீன் பேசுவது, மெக்சிக்கோ ஸ்பானியத்தில் பழகிய காதுக்கு முதலில் வேறு மொழி போலவே இருந்தது. மெக்சிக்கோவில் யகரமாக ஒலிப்பது புவெனஸ் அயர்ஸில் ஷகரமாகிறது. ‘தூ’வின் இடத்தில் ‘வோஸ்’ வருவதோடு அதற்குரிய வினைவடிவமும் மாறுகிறது. நீதிமன்ற அலுவலக உரையாடல்களில் சட்டச் சொற்கள் மிகுதி என்பதால் அவற்றை இப்போதைக்கு விட்டுவிட்டு, தரீனும் சொலேதாத் விய்யமிலும் தனியாகப் பேசும் காட்சிகளை மட்டும் எடுத்திருக்கிறேன். அவற்றைச் சப்டைட்டில் இல்லாமல் பின்தொடர முடிந்த பிறகு, சொல்லிறுதிச் சகரத்தை மெலிதாக்கிவிடும் சிலி நாட்டுப் பேச்சுக்குப் போவதாக இருக்கிறேன்.