யார் வீட்டில் எத்தனை ராத்திரி

2025 பிப்ரவரி 8, சனி

டபிள்யூ-2, அதாவது ஆபீஸ் தரும் வருஷச் சம்பளக் கணக்குத் தாள், வந்து இரண்டு வாரமாகச் சாப்பாட்டு மேசையில் உப்பு ஜாடிக்கு அடியில் கிடந்தது. மகள் இந்த வாரம் அவள் அப்பா வீட்டில். வீடு அமைதியாக இருந்ததால் ஒரே மூச்சாக உட்கார்ந்து 2024-க்கான அமெரிக்க வரி ரிட்டர்னை முடித்து அனுப்பிவிட்டேன். மகளை டிபென்டன்ட் (என்னைச் சார்ந்திருப்பவள்) என்று காட்டினால் சைல்ட் டாக்ஸ் கிரெடிட் என்று வரியில் 2,000 டாலர் குறையும். அதோடு ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட் என்று போட்டுக்கொள்ளலாம். தனியாள் என்றால் முதல் 14,600 டாலருக்குத்தான் வரி கிடையாது, பிள்ளையை வைத்துக் குடும்பம் நடத்துகிறவள் என்றால் 21,900.

அம்மாவிடம் வீடியோ காலில் சொன்னேன். "பிள்ளை இருக்குன்னு சொன்னா அந்த ஊர்ல காசு குடுக்குறாங்களாடி?" என்று வாயைப் பிளந்தார். பின்னால் இருந்த தம்பிக்கு வயிற்றெரிச்சல். மதுரையில் அவன் வாங்குகிற சம்பளத்தில் பிள்ளை படிப்புக்கான படி என்று வரிவிலக்கு கிடைப்பது ஒரு பிள்ளைக்கு மாதம் 100 ரூபாய். "ஒரு காம்பஸ் பாக்ஸ் கூட வராதுக்கா" என்றான்.

பிப்ரவரி 9, ஞாயிறு

காலையில் காபி போடும்போதே மெயில். ரிட்டர்ன் நிராகரிப்பு. ஆர்0000-507-01 என்று ஒரு கோட். தேடிப் பார்த்தால், நான் காட்டிய டிபென்டன்டின் சோஷியல் செக்யூரிட்டி நம்பர் (ஆளுக்கு ஒன்றாக அரசாங்கம் தரும் எண்) இந்த வருஷம் ஏற்கெனவே வேறொரு ரிட்டர்னில் வந்துவிட்டதாம். எட்டு வயசுப் பெண்ணின் நம்பரை எவனோ திருடிவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தேன், வயிற்றைப் பிசைந்தது. மத்தியானம் சோறு வடிக்கும்போதுதான் உறைத்தது. அந்த நம்பரை மனப்பாடமாகச் சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் இன்னும் ஒருவன் இருக்கிறான்.

பிப்ரவரி 10, திங்கள்

அவனேதான். நாங்கள் கல்லூரியில் ஒரே பேட்ச், அதனால் கல்யாணம், விவாகரத்து எல்லாம் முடிந்தும் வா போதான்.

"நீ பாப்பாவை டிபென்டன்ட்னு போட்டியா?"

"ஆமா. ஒத்தை வருஷம் எனக்குத்தானே?"

"2024 ஒத்தையாடா?"

"2025-ல தானே ஃபைல் பண்றோம்!"

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. எங்கள் விவாகரத்து ஒப்பந்தத்தில் இரட்டை வருஷம் எனக்கு, ஒற்றை வருஷம் அவனுக்கு என்று இருக்கிறது. எந்த வருஷத்து வருமானமோ அந்த வருஷம்தான் கணக்கு என்று இஞ்சினியரிங் படித்தவனுக்கு விளக்க வேண்டியிருக்கிறது. போன தடவை 2023-க்கு அவன் காட்டியது முறைப்படி சரி, பிள்ளையை நீ காட்டிக்கொள் என்று விட்டுக்கொடுக்கும் ஃபாரம் 8332-ல் நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இந்த முறை சாஃப்ட்வேர் போன வருஷத்து விவரத்தை அப்படியே இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது, இவனும் ஓகே ஓகே என்று தட்டிக்கொண்டே போய் ஜனவரி 30-ம் தேதியே அனுப்பிவிட்டான். போதாததற்கு ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்டும் போட்டிருக்கிறான். அது 8332 கையில் இருந்தாலும் அவனுக்குக் கிடையாது, பிள்ளை யாரோடு அதிக நாள் இருக்கிறதோ அவருக்குத்தான்.

"ஹெல்த் இன்ஷூரன்ஸ் நான்தான் கட்டறேன், அதுக்கு ஒண்ணும் இல்லையா" என்றான். இல்லை. பிள்ளை தன் செலவில் பாதிக்கு மேல் தானே சம்பாதித்துப் பார்த்துக்கொள்கிறதா என்றுதான் கேட்கிறார்கள். அம்மா எவ்வளவு கொடுத்தாள், அப்பா எவ்வளவு கொடுத்தான் என்று கேட்பதே இல்லை. நான் கட்டுகிற பரதநாட்டிய கிளாஸ் ஃபீஸுக்கும் அதே கதிதான்.

பிப்ரவரி 15, சனி

மகள் தூங்கிவிட்டாள். 2024 காலண்டரை அலமாரியிலிருந்து எடுத்தேன். ஓக் ட்ரீ ரோடு மளிகைக்கடையில் அரிசி மூட்டை வாங்கும்போது கொடுத்தது, முருகன் படம் போட்டது, மஞ்சள் கறை வேறு. வக்கீல் அன்றைக்கே சொல்லியிருந்தார், பிள்ளை எங்கே தூங்கினாள் என்று தினமும் குறித்து வையுங்கள் என்று. அம்மா, அப்பா இரண்டுமே அ-வில் ஆரம்பிப்பதால் கட்டத்துக்குக் கட்டம் ம, ப என்று எழுதியிருக்கிறேன்.

ஐ.ஆர்.எஸ்., அதாவது இங்கத்து வருமான வரித் துறையின் கணக்கு முழுக்க ராத்திரிதான். பகல் பூராவும் நான் ஸ்கூல், டாக்டர், நீச்சல் என்று அலைந்தாலும் பிள்ளை தூங்கப் போகும் வீடு எதுவோ அந்த வீட்டுக்கு மார்க் (ராத்திரி ஷிப்ட்காரர்களுக்கு மட்டும் பகல் கணக்கு). கோர்ட் பேப்பரில் என்ன எழுதியிருந்தாலும் அவர்களுக்குக் கவலையில்லை. 2008-க்குப் பிந்தைய விவாகரத்து என்றால் தீர்ப்பின் நகலைக் காட்டி வேலையாகாது, அதிக ராத்திரி வைத்திருந்தவர் 8332-ல் கையெழுத்துப் போட்டால்தான் உண்டு.

விரல் வைத்து எண்ணினேன். ஜூன் கடைசி வரை 91-க்கு 91. நெஞ்சு படபடத்தது, ஏனென்றால் 2024 லீப் வருஷம், 366 ராத்திரி. வேறு எந்த வருஷமாக இருந்தாலும் சரிசமம் ஆக வழியில்லை. இந்த வருஷம் 183-க்கு 183 ஆகலாம், அப்படி ஆனால் வருமானம் அதிகம் உள்ளவருக்குப் பிள்ளை. அதிகம் அவனுக்குத்தான். பிப்ரவரி 29 என்ற ஒரு நாளை இவ்வளவு நேரம் முறைத்துப் பார்த்தவள் நானாகத்தான் இருப்பேன் (அன்றைக்கு ப).

காப்பாற்றியது மதுரைதான். கோடை லீவில் 34 ராத்திரி அம்மா வீட்டு மாடியில், கொசுவலைக்குள். வீட்டில் இல்லாவிட்டாலும் என்னோடு தூங்கினால் என் கணக்கு, விமானத்தில் என் மடியில் கிடந்த ராத்திரி உட்பட. கிறிஸ்துமஸுக்கு ஃப்ளோரிடா கூட்டிப் போனது அவன் கணக்கு. தோழி வீட்டில் தூங்கிய இரண்டு ராத்திரிக்கும் விதி இருக்கிறது. வழக்கப்படி அன்று யார் வீட்டில் இருந்திருப்பாளோ அவருக்கு. டிசம்பர் 31 ராத்திரி பழைய வருஷத்தோடு சேர்த்தி. மூன்று தடவை எண்ணினேன். 191, 175.

பிப்ரவரி 18, செவ்வாய்

காலண்டரைப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்பினேன். ஒரு மணி நேரம் பதில் இல்லை, பிறகு "சரி, என் தப்புதான்" என்று வந்தது. அவனை எனக்குப் பதினெட்டு வருஷமாகத் தெரியும், இந்த வார்த்தை இது மூன்றாவது தடவை.

ரீஃபண்ட் கைக்கு வந்ததும் 1040-எக்ஸ் போட்டுத் திருத்துவதாகச் சொன்னான். ஏப்ரல் 15-க்குள் திருப்பிக் கட்டிவிட்டால் வட்டியும் இல்லை, அபராதமும் இல்லை.

பிப்ரவரி 19, புதன்

ஆபீஸில் பக்கத்து சீட் அமெரிக்கர் சொன்ன கதை. 1986-ல் வந்த சட்டம், ஐந்து வயசு நிரம்பிய டிபென்டன்டுக்கு சோஷியல் செக்யூரிட்டி நம்பர் எழுத வேண்டும் என்றது. அதுவரை பெயர் எழுதினால் போதும். 1987-ம் வருஷத்துக்கான ரிட்டர்ன்கள் வந்தபோது சுமார் 70 லட்சம் டிபென்டன்ட்கள் காணாமல் போயிருந்தார்கள். நாய்க்குட்டி, பூனைக்குட்டி எல்லாம் பிள்ளையாக இருந்திருக்கும் என்றார். அதில் எங்களைப் போன்ற கேஸும் நிறைய இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அப்பாவும் காட்டி, அம்மாவும் காட்டி, ஒரு பிள்ளை இரண்டாகியிருக்கும்.

பிப்ரவரி 22, சனி

அவன் திருத்தும் வரை நான் காத்திருக்க வேண்டியதில்லை. முன்பெல்லாம் இப்படி நம்பர் மோதினால் இரண்டாவது ஆள் பேப்பரில் அச்சடித்துத் தபாலில் அனுப்ப வேண்டும். இந்த வருஷத்திலிருந்து ஐ.பி. பின் என்ற, ஆளை உறுதிசெய்யும் ஆறு இலக்க எண் வாங்கி அதையும் சேர்த்தால் ஆன்லைனிலேயே ஏற்றுக்கொள்கிறார்கள். வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பாஸ்போர்ட்டைப் போட்டோ எடு, முகத்தைக் காட்டு, இன்னும் கொஞ்சம் கிட்டே வா என்று போன் அதட்டுகிறது. நெற்றியில் பொட்டோடு ஒரு தடவை, இல்லாமல் ஒரு தடவை. ஒருவழியாகப் பின் கிடைத்தது, ராத்திரி பதினொன்றுக்கு மறுபடி அனுப்பினேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

ஏற்றுக்கொண்டார்கள்!

மார்ச் 14, வெள்ளி

ரீஃபண்ட் வந்துவிட்டது. பாதி கார் ரிப்பேருக்குப் போகும். ஐ.ஆர்.எஸ்.ஸிலிருந்து சிபி87ஏ என்று ஒரு கடிதம் இரண்டு பேருக்குமே பின்னால் வரலாம், உங்கள் டிபென்டன்டை இன்னொருவரும் காட்டியிருக்கிறார், சரிபாருங்கள் என்று. வந்தால் சரியாகக் காட்டியவர் ஒன்றும் செய்ய வேண்டாம், தப்பாகக் காட்டியவர் திருத்த வேண்டும். காலண்டரைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பாஸ்போர்ட்களோடு வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

திருத்திப் பணமும் கட்டிவிட்டான், ரசீதை அனுப்பினான். கூடவே ஒரு வேண்டுகோள். 8332-ல் இரண்டாவது பகுதியில் இனி வரும் ஒற்றை வருஷம் எல்லாவற்றுக்கும் ஒரேயடியாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடு, வருஷா வருஷம் உன்னைத் தொந்தரவு பண்ண மாட்டேன் என்றான். மாட்டேன் என்றேன். ஒரு தடவை கொடுத்துவிட்டால், மனசு மாறி ரத்து செய்தாலும் அது அடுத்த வருஷத்திலிருந்துதான் செல்லும். ஒப்பந்தப்படி 2025 அவனுக்கு, அதில் சண்டை இல்லை. ஜனவரி வரட்டும், முதல் பகுதியில் அந்த ஒரு வருஷத்துக்கு மட்டும் போட்டுத் தருகிறேன். தொந்தரவு பண்ணட்டும், பரவாயில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

நாளை சித்திரை ஒன்று, மாங்காய்ப் பச்சடிக்கு மாங்காய் வாங்கி வந்தாயிற்று. மகள் நேற்று தோழி வீட்டில் தூங்கிவிட்டுக் காலையில்தான் வந்தாள். வந்ததும் சமையலறைச் சுவரில் புதுக் காலண்டர் முன்னால் நின்று ம, ப, ம, ப என்று படித்துக்கொண்டிருந்தவள், நேற்றைய கட்டத்தை நான் காலியாக விட்டிருப்பதைக் கண்டுபிடித்துவிட்டாள். "இங்க நான் உன்கிட்டயும் இல்லை, அப்பாகிட்டயும் இல்லை" என்று ஸ்டூலைப் போட்டு ஏறி, பச்சை ஸ்கெட்ச்சில் தோழியின் பெயரை முழுசாக, கட்டத்தைத் தாண்டி அடுத்த நாள் வரைக்கும் இழுத்து எழுதினாள். அவள் கை கழுவப் போன பிறகு அதன் ஓரத்தில் பென்சிலால் சின்னதாக ம போட்டேன்.